மன்றாட்டில் யாருடைய பெயரைச் சொல்லலாம்?

நோயாளர், நீதி, மனித மாண்பு ஆகியவற்றுக்காகப் பொதுவில் ஜெபிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், மற்ற சபையாரும் இருக்கிறார்கள். அதனால் மன்றாட்டு, ஜெபம், ஆண்டவர், கர்த்தர் எல்லாம் கலந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஞாயிறு வழிபாட்டுக்கு மன்றாட்டுகள் எழுதும் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. எத்தனை எழுதலாம், எந்த வரிசையில்? போன வாரம் எழுதியது ரொம்ப நீளம் என்றார்கள்.

நான்கிலிருந்து ஆறு வரை போதும். ஒன்றை வாசிக்க 15 நொடிக்கு மேல் ஆகக் கூடாது. தமிழில் அது சுமார் 20 சொல். வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

வரிசைக்கு கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கு சொல்வது இது: முதலில் திருச்சபையின் தேவைகள், அடுத்து நாடாள்வோரும் உலகத்தின் மீட்பும், பிறகு துன்பத்தில் இருப்பவர்கள், கடைசியில் அங்கே கூடியிருக்கும் சமூகம். மற்ற பல சபைகளின் வழிபாட்டு முறைகளும் இதை ஒட்டியே போகின்றன. சொந்தத் தேவை ஏன் கடைசியில் என்றால், அதை முதலில் வைத்தால் மற்றதற்கு நேரம் இருக்காது. எல்லாச் சபையிலும் நடப்பதுதான்.

இது புது ஏற்பாடு அல்ல. கி.பி. 155 வாக்கில் எழுதிய யுஸ்தின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஞாயிறன்று மறையுரை (பிரசங்கம்) முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று பொதுவாக ஜெபித்ததைச் சொல்கிறார். பிற்காலத்தில் உரோமைக் கத்தோலிக்க வழிபாட்டில் இந்தப் பகுதி மங்கிப்போய், புனித வெள்ளியில் மட்டும் தங்கியிருந்தது. 1963-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் அதை ஞாயிறுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

இனி, கெட்டுப்போகும் இடங்கள். முதலாவது, யாரிடம் பேசுகிறோம் என்ற குழப்பம். மன்றாட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் வாசிப்பவர் மக்களை நோக்கி, ‘இன்னாருக்காக ஆண்டவரை மன்றாடுவோம்’ என்று அழைப்பு விடுக்கிறார். மற்றதில் நேராகக் கடவுளிடமே, ‘ஆண்டவரே, இன்னாருக்கு இதைச் செய்தருளும்’ என்று கேட்கிறார். இரண்டும் சரி. ‘ஆண்டவரே, எங்கள் தலைவர்களுக்காக மன்றாடுவோம்’ என்றால் மட்டும் சரியில்லை. ஆண்டவரையும் கூடச் சேர்ந்து மன்றாடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒரு வடிவத்தை எடுத்தால் ஆறாவது மன்றாட்டு வரை அதிலேயே நில்லுங்கள்.

இரண்டாவது, ஜெபத்துக்குள் ஒளிந்து வரும் பிரசங்கம். ‘ஆண்டவரே, எங்களில் சிலர் ஆலயத்துக்குத் தாமதமாக வருவதை நீர் அறிவீர்’ என்று தொடங்கும் வாக்கியம் ஆண்டவருக்கானது அல்ல. மூன்றாவது வரிசையில் இருக்கும் யாருக்கோ ஆனது.

மூன்றாவது, எல்லோருக்கும் எல்லாமும் கேட்பது. ‘உலகெங்கும் பல்வேறு துன்பங்களால் வாடும் அனைத்து மக்களும் உமது அன்பையும் சமாதானத்தையும் உணர்ந்து நல்வாழ்வு பெற…’ என்று வாசித்தால் கேட்பவர் மனதில் ஒரு முகமும் தோன்றாது. அதே நேரத்தில் இப்படியும் வாசிக்கலாம்: ‘உழைத்த கூலி கிடைக்காமல் ஏமாற்றப்பட்டவர்களுக்காக மன்றாடுவோம். அவர்கள் புகார் தள்ளிப்போடப்படாமல் விசாரிக்கப்படவும், கூலி அவர்கள் கைக்கு வந்து சேரவும் ஆண்டவரை மன்றாடுவோம்.’ யார், என்ன நடக்க வேண்டும் என்று இரண்டே கேள்விதான். புனித வெள்ளி மன்றாட்டுகள் பத்து. அதில் பத்தாவதைப் பாருங்கள்: நோய் விலக, பசி அகல, சிறைகள் திறக்க, கட்டுகள் அவிழ, பயணம் போனவர் பத்திரமாக இருக்க என்று முழுக்க வினைகளாகவே போகிறது. மன்றாட்டு எழுதப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: அநீதிக்கு எதிராக ஜெபித்தால் ‘ஆலயத்தில் அரசியல் வேண்டாம்’ என்கிறார்கள். ஆள்பவர்களுக்காக மட்டும் ஜெபித்தால் அவர்களை ஆதரிப்பது போல் இருக்கிறது. என்ன செய்ய?

1 தீமோத்தேயு 2:1-2 அரசர்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. அந்த அரசர்கள் கிறிஸ்தவர்களுக்கு நண்பர்கள் அல்ல. முதல் நூற்றாண்டின் கடைசியில் உரோமைச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்திலும் (கிளமெந்து எழுதியது என்று அறியப்படுவது) ஆள்பவர்களுக்கு நலமும் சமாதானமும் ஒற்றுமையும் உறுதியும் கேட்டு ஒரு ஜெபம் இருக்கிறது. எதற்காக? கடவுள் கொடுத்த அதிகாரத்தை அவர்கள் பிசகாமல் நடத்துவதற்காக. ஆக, அதிகாரம் அவர்களுடைய சொத்து அல்ல, கொடுத்து வைத்தது என்பதை அந்த ஜெபமே சொல்லிவிடுகிறது.

72-ஆம் சங்கீதமும் அரசனுக்கான ஜெபம்தான். ஏழைக்கு நியாயம் விசாரிக்கவும், ஒடுக்குகிறவனை நொறுக்கவும் அவனுக்கு வல்லமை கேட்கிறது. அரசனுடைய புகழுக்குக்கூட அங்கே காரணமாகக் காட்டப்படுவது, கூப்பிடுகிற எளியவனை அவன் விடுவிப்பதுதான். அந்தச் சங்கீதத்தை அப்படியே வாசித்தால், ‘அரசியல் வேண்டாம்’ என்பவர் முதலில் வேதத்தோடுதான் வழக்காட வேண்டியிருக்கும்.

நடைமுறையில் மூன்று காரியம் கவனியுங்கள். பதவியைச் சொல்லுங்கள், கட்சியைச் சொல்லாதீர்கள்: ‘நீதிபதிகள்’, ‘சட்டம் இயற்றுபவர்கள்’, ‘காவல் துறையினர்’. பதவியோடு அந்தப் பதவியின் கடமையையும் சேர்த்துக் கேளுங்கள்: ‘கையூட்டு வாங்காமல் தீர்ப்பு வழங்க’, ‘கைது செய்தவரை அடிக்காமல் நடத்த’. எழுதி முடித்தபின், ஆட்சியில் வேறு கட்சி இருந்தாலும் இதே வாக்கியத்தை இதே குரலில் வாசிப்பேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று மனம் சொன்னால் அது ஜெபம் அல்ல, மேடைப் பேச்சு.

எப்போதும் இவ்வளவு சமநிலை கிடைக்காது என்பதும் உண்மை. 1985 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் ‘அநீதியான ஆட்சி முடிய’ ஜெபிக்கும்படி அழைப்பு வந்தது. இனஒதுக்கல் உச்சத்தில் இருந்த நேரம். ஆள்பவர் திருந்த ஜெபிப்பது வேறு, ஆட்சியே போக ஜெபிப்பது வேறு என்று சில சபைத் தலைவர்கள் அதில் சேர மறுத்தார்கள். சபைகள் பிளவுபட்டுப் பேசின. எங்கள் பார்வையில், தவறைத் திருத்த முறையீடு, வழக்கு, வாக்கு என்று ஏதாவது வழி திறந்திருக்கும்வரை திருத்தத்துக்காக ஜெபிப்பதே சரி. எல்லா வழியும் அடைபட்ட இடத்தில் இருந்தவர்கள் அந்த ஆட்சியின் முடிவுக்காக ஜெபித்ததைக் குறை சொல்ல, வெளியே பாதுகாப்பாக இருக்கும் நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: எங்கள் சபையில் நோயாளிகளின் முழுப் பெயர், நோய், மருத்துவமனை எல்லாம் வாசிக்கிறார்கள். ஒரு குடும்பம் வருத்தப்பட்டது. ‘தெரிந்தால்தானே ஜெபிக்க முடியும்’ என்கிறார் போதகர்.

கடவுளுக்குத் தெரிய வேண்டும் என்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும். சபைக்குத் தெரிய வேண்டுமா என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். அவருடைய மகனோ, அக்கறையுள்ள அடுத்த வீட்டுக்காரரோ அல்ல.

மாற்கு 7:33-இல் காது கேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். 8:23-இல் பார்வையற்றவரைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். குணமாக்குவதற்கு அந்த நடை தேவைப்படவில்லை. அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். பெயரைச் சேர்க்குமுன் நோயாளியிடம் நேரில் அல்லது தொலைபேசியில் கேளுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் மட்டும் மிக நெருங்கிய உறவினரிடம். ‘ஜெபிக்கலாமா?’ என்று மட்டும் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதனால், ‘பெயரை மைக்கில் வாசிக்கலாமா, ஜெபக் குழுவுக்குள் மட்டும் வைக்கலாமா, போதகர் தனியே ஜெபித்தால் போதுமா?’ என்று மூன்றையும் முன்னால் வையுங்கள். வாசிக்கும்போது பெயர் மட்டும். நோய், வார்டு, அறை எண் எதுவும் வேண்டாம். மனநலச் சிக்கல், எச்.ஐ.வி., கருச்சிதைவு, குடிப்பழக்கம், குடும்ப வன்முறை ஆகியவற்றை, சம்பந்தப்பட்டவரே விரும்பிக் கேட்டாலொழிய, பொதுவில் எடுக்கவே கூடாது.

பட்டியலுக்குக் காலக்கெடு வையுங்கள். நான்கு வாரம் ஆனதும் பெயர் தானாக விழுந்துவிட வேண்டும். தொடர வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும். இது இல்லாத சபைகளில் குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரின் பெயரும், சில நேரம் இறந்துபோனவரின் பெயரும்கூட வாசிக்கப்படுகிறது. பட்டியல் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வழிபாடு நேரலையில் போகிறதென்றால் பெயர் வாசிக்கும் பகுதியில் ஒலியை நிறுத்திவிடுங்கள். ஆலயத்தில் சொன்னது காற்றோடு போகும், பதிவானது வேலைக்கு ஆள் எடுப்பவர் கண்ணிலும் படும். வாட்ஸ்அப் குழுவில் ‘அவசர ஜெபக் குறிப்பு’ என்று வருவதில் பாதி, வம்பளப்புக்கு வெள்ளையடித்ததுதான். மன்னிக்கவும், வேறு சொல் கிடைக்கவில்லை.

கேள்வி: நோயாளியின் படுக்கையருகே ஜெபிக்கவும் எண்ணெய் பூசவும் முறை என்ன? யார் பூசலாம்?

யார் என்பது சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் நோயில்பூசுதல் ஓர் அருட்சாதனம். குருவும் ஆயரும் (பிஷப்) மட்டுமே கொடுக்கலாம். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். எண்ணெய் வழக்கமாக ஆயர் மந்திரித்தது (ஆசீர்வதித்தது). அவசரத்தில் குருவே சடங்கின்போது மந்திரிக்கலாம். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெய் போதும் என்று 1972-இல் அனுமதி வந்தது. இது சாகப்போகிறவருக்கு மட்டும் என்ற பழைய நினைப்பை விட்டுவிடுங்கள். கடும் நோய், முதுமைத் தளர்ச்சி, பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் என்று எப்போதும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். மூச்சு அடங்கும் நேரம்வரை காத்திருந்து குருவைக் கூப்பிடுவதால்தான் அவரைக் கண்டதும் நோயாளி பயந்துபோகிறார். மற்ற பல சபைகளில் யாக்கோபு 5:14-இன்படி மூப்பர்கள் பூசுகிறார்கள்.

போவதற்குமுன் செவிலியரிடம் கேளுங்கள். இரண்டு பேர் போதும், மூன்று பேர் கூட்டம். உள்ளே போகும்போதும் வரும்போதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பேசாமல் உட்காருங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இயேசு பர்த்திமேயுவிடம் கேட்டதுதான்: உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்? பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டார். நோயாளி ‘வலி குறைந்தால் போதும்’ என்றோ, ‘மகளோடு சமாதானமாக வேண்டும்’ என்றோ சொல்லலாம். சொன்னதைக் கேளுங்கள், நீங்கள் தயாரித்து வந்ததை அல்ல.

கை வைக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கையை அழுத்தாமல் வையுங்கள். காயம், தையல், ஊசி குத்திய இடம், குழாய் ஆகியவற்றை விட்டு விலகி. பலருக்கு உள்ளங்கையைப் பிடித்துக்கொள்வதே போதும். குழந்தையாக இருந்தால் பெற்றோர் அறையில் இருக்க வேண்டும். எண்ணெயைச் சிறு குப்பியில் பஞ்சில் ஊற வைத்து எடுத்துப் போங்கள்; ஒருவரைத் தொட்ட விரலை மறுபடி குப்பிக்குள் விடாதீர்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, தீப்பிடிக்கும். முகமூடி, மூக்குக் குழாய் பக்கத்தில் எண்ணெயும் படக் கூடாது. அப்படிப்பட்டவருக்குக் கையில் மட்டும் பூசலாம்.

ஜெபம் இரண்டு நிமிடம், மொத்தச் சந்திப்பு பத்து நிமிடம். சத்தம் போட வேண்டாம்; பக்கத்துப் படுக்கைக்காரரும் நோயாளிதான். நினைவில்லாதவர் முன்னால் அவருடைய நிலைமையைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ‘ஜெபத்தில் சுகமாகிவிட்டாய், மாத்திரையை நிறுத்து’ என்று ஊழியர் ஒருவர் என் சகோதரிக்குச் சொல்லியிருக்கிறார். மறுத்தால் அவிசுவாசம் என்கிறார்.

நிறுத்த வேண்டாம். இன்றே மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோய் மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். மனநல மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் நிறுத்திய முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளிதான் ‘சாட்சி’யாக மேடை ஏறுகிறது.

வேதம் இதில் ஊழியர் பக்கம் இல்லை. தொழுநோய் நீங்கியவரிடம் இயேசு சொன்னது, போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்பது (மாற்கு 1:44). வேறொரு முறை வந்த பத்துத் தொழுநோயாளரிடமும் அதையே சொன்னார் (லூக்கா 17:14). லேவியராகமம் 13, 14 அதிகாரங்களின்படி நோயைப் பரிசோதித்துச் சுத்தம் என்று அறிவிக்கும் அதிகாரம் அன்று குருவிடம் இருந்தது. அதாவது, குணமாக்கியவரே சோதனைக்கு அனுப்பினார். நோயாளர் திருப்பயணம் போகும் பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் இன்றுவரை திருச்சபை புதுமை என்று ஏற்ற குணமடைதல்கள் எழுபதுக்குச் சற்று மேல்தான். ஒவ்வொன்றும் மருத்துவர்கள் ஆவணங்களை வைத்துப் பல ஆண்டு ஆராய்ந்தபிறகு. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு திராட்சரசம் கொஞ்சம் குடிக்கச் சொன்னார்; உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோ. 4:20). பவுலுக்கும் விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊழியர் சொல்வாரா?

உங்கள் சகோதரி இப்படி ஜெபிக்கலாம்: ‘ஆண்டவரே, இந்த மருந்து என் உடலில் வேலை செய்யட்டும். எழுதிக்கொடுத்தவருக்குத் தெளிவு கொடும். மறக்காமல் வேளைக்கு எடுக்க எனக்கு உதவும்.’ மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.

கேள்வி: மூன்று ஆண்டாக ஜெபித்தும் குணமில்லை. ‘ஏதோ பாவம் தடுக்கிறது’ என்கிறார்கள்.

யோவான் 9:3-ஐக் காட்டுங்கள். யார் பாவம் என்ற கேள்வியையே இயேசு அங்கே தள்ளிவிட்டார். விசுவாசம் போதவில்லை என்றால் மாற்கு 2:5: முடங்கிப் படுத்திருந்தவரை இயேசுவின் முன் இறக்கக் கூரையைப் பிரித்தவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு அவரிடம் பேசினார். கேட்பதற்கு உங்களுக்குத் தெம்பில்லாத நாளில் மற்றவர் தூக்கிப்போகட்டும். உங்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. கடைசி வரிவரை இருட்டு. ஆறுதலான முடிவு ஒட்டப்படவில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குக் கொடுமை செய்தவர்கள் தண்டனை பெற வேண்டும் என்று ஜெபிக்கலாமா? ஆலயத்தில் எழுந்து நின்று ‘மன்னித்தேன்’ என்று சொல்லச் சொல்கிறார்கள்.

ஜெபிக்கலாம். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் வரும் விதவை நீதிபதியிடம் கேட்டது நியாயம், அதுவும் எதிராளியின்மேல். இயேசு அவளை அடக்கவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு அவளையே மாதிரியாக வைத்தார். அவள் நீதிபதியின் வாசலுக்கும் திரும்பத் திரும்பப் போனாள். புகாரைத் திரும்பப் பெறுவது மன்னிப்பின் பகுதி அல்ல. மன்னிப்பது உங்கள் உள்ளத்துக் காரியம், அதற்கு நாள் குறிக்க எவருக்கும் உரிமையில்லை. மைக்கைக் கையில் கொடுத்து மன்னிக்கச் சொல்வது இரண்டாவது கொடுமை. ‘இப்போது முடியாது’ என்று உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சொற்கள் வேண்டுமானால் 13-ஆம் சங்கீதத்தின் அமைப்பை எடுங்கள். ஆறே வசனம். முதலில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறது. அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடுத்தது விண்ணப்பம்: சாட்சிகள் பயப்படாமல் பேச, வழக்கு இழுபடாமல் முடிய, இன்னொருவருக்கு இது நடக்காமலிருக்க. நம்பிக்கையின் வரி கடைசியில் வருகிறது. உங்களால் அதைச் சொல்ல முடியாத வாரத்தில் சபை உங்களுக்காக அதைச் சொல்லட்டும், நீங்கள் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழிவாங்கலும் நீதியும் பிரிகிற இடத்தை உபாகமம் 25:3 காட்டுகிறது. குற்றவாளிக்கு நாற்பது அடிக்கு மேல் கூடாது, மிஞ்சினால் ‘உன் சகோதரன்’ உன் கண்ணுக்கு இழிவானவனாகிவிடுவான் என்கிறது. தண்டனை பெறுகிறவனும் அங்கே சகோதரன்தான். சிறையில் இருப்பவர்களுக்கான மன்றாட்டை எழுதும்போதும் இந்த வசனம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஜெபக் குழு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை ஒன்று தனக்கு நடந்த தவறைச் சொன்னால், ‘யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபித்து அனுப்பிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி யாரிடம் புகார் செய்ய வேண்டுமோ, அவரிடம் அன்றே போக வேண்டும்.

கேள்வி: மன்றாட்டில் ‘ஊனமுற்றோர்’, ‘அநாதைகள்’ என்றெல்லாம் வருகிறது. மாற்றினால் ‘வேதத்திலேயே அப்படித்தானே இருக்கிறது’ என்கிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகி’, ‘குருடன்’, ‘சப்பாணி’ என்று இருக்கிறது. வாசகத்தை அப்படியே வாசியுங்கள். மன்றாட்டு நீங்கள் எழுதுவது, அதில் தொழுநோயாளர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் என்று எழுதலாம்.

சொல்லை மாற்றுவது சுலபம், இலக்கணம்தான் கடினம். ‘ஏழைகளாகிய அவர்களுக்கு உதவும் நல்ல மனதை எங்களுக்குத் தாரும்’ என்ற வாக்கியத்தில் ஏழை ஒருவரும் ஆலயத்துக்குள் இல்லை. ‘நாங்கள்’ என்றால் வசதியுள்ளவர்கள் மட்டும். பின்வரிசையில் வாடகை பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்வது எப்படி? ‘எங்களில் வேலை இழந்தவர்களுக்கும்’ என்று மாற்றுங்கள். ஒற்றைச் சொல்தான், ஆனால் அவர் உள்ளே வந்துவிடுவார்.

உடற்குறையைப் பாவத்துக்கு உவமையாக்குவதையும் விடுங்கள். ‘எங்கள் குருட்டு இதயங்களைத் திறந்தருளும்’ என்பதைப் பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துப் பாருங்கள். நாங்கள் எந்த மன்றாட்டுக்கும் வைக்கும் சோதனை இதுதான்: யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர் முன்வரிசையில் இருந்தால் இதே சொற்களைச் சொல்வீர்களா?

கேள்வி: வன்முறையில் இறந்தவர்களுக்காகப் பொது இடத்தில் ஜெபக் கூடுகை நடத்த விரும்புகிறோம். என்ன ஏற்பாடு?

எழுத்தில் அனுமதி, தொடக்க நேரம், முடிவு நேரம். 45 நிமிடம் போதும். நீண்டால் கூட்டம் கலைந்து, மிஞ்சியவர்களின் கோபம் மட்டும் நிற்கும். இறந்தவர் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரை வாசிக்காதீர்கள், படம் அச்சிடாதீர்கள். பெயர்களை வாசிப்பவர் உச்சரிப்பை முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கேட்டுப் பழகட்டும். பிழையாக வாசிக்கப்பட்ட பெயர் அவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பெயர், பத்து நொடி மௌனம், அடுத்த பெயர். பேச்சாளர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அவர்களும் எழுதி வைத்து வாசிக்கட்டும். பிற சமயத்தார் வருவார்கள் என்றால் கூட்டாகச் சொல்லும் பதிலுரையை எல்லோரும் மனசாட்சியோடு சொல்லக்கூடியதாக அமையுங்கள், அல்லது மௌனத்தைப் பதிலுரையாக வையுங்கள்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்குச் சமாதான ஜெபம் நடந்தது. பல வாரங்களில் வந்தவர்கள் சொற்பம். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து நகர வீதிகளில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். படைகள் தயாராக நின்றும் சுடவில்லை. மெழுகுவர்த்தி ஏந்துகிறவருக்கு ஒரு கை அதைப் பிடிக்க, மறு கை காற்றை மறைக்க. கல்லெடுக்கக் கை மிஞ்சாது. நீங்களும் மெழுகுவர்த்தி கொடுங்கள், உருகி வழிவதைத் தாங்க அடியில் அட்டை வட்டம் செருகி. முதல் கூடுகைக்குப் பத்துப் பேர் வந்தாலும் அடுத்த தேதியை அன்றே அறிவியுங்கள்.

கேள்வி: ‘சமாதானத்தின் கருவியாக’ என்று தொடங்கும் ஜெபம் புனித பிரான்சிஸ் எழுதியதுதானே?

இல்லை. அவர் 1226-இல் இறந்தார். அந்த ஜெபம் 1912-இல் பாரிசில் வெளியான சிறு பிரெஞ்சு இதழ் ஒன்றில், எழுதியவர் பெயர் இல்லாமல் முதலில் அச்சானது. ஜெபிக்கத் தடையில்லை. அச்சடிக்கும்போது அடியில் அவர் பெயரைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மன்றாட்டுகளுக்கு நடுவே மௌனம் விடச் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம்? விட்டால் எல்லோரும் இருமுகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் பத்து நொடி, கடைசியில் சொந்தத் தேவைகளுக்கு முப்பது நொடி. வாசிப்பவருக்கு அது முடிவே இல்லாததுபோல் தோன்றும். அதனால் மனத்துக்குள் எண்ணுங்கள், இல்லையேல் மூன்றாவது நொடியில் பேசிவிடுவீர்கள். இருமல் வருவது, அடுத்து என்ன என்று தெரியாததால். ‘சற்று நேரம் மௌனமாக மன்றாடுவோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அடங்கும். கீபோர்டு வாசிப்பவரிடமும் முந்தின நாளே சொல்லிவையுங்கள். அமைதி விழுந்தால் ஏதோ தவறிப்போனது என்று நினைத்து அவர் வாசிக்கத் தொடங்கிவிடுவார்.